நிறம்: இன்னும் முடியலை

டெல்மர் ஹக்கபி கட்டிய காரைப் பார்க்க மூன்று மாநிலங்களிலிருந்து ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். அவன் மனைவி லவோன் மட்டும் பதினொரு வருடம் அதில் ஏறவே இல்லை. எங்கள் ஊர் வாஸ்கோவில் எல்லோருக்கும் இது தெரிந்த விஷயம்தான். அதன் உண்மையான காரணம்தான் யாருக்கும் தெரியாமல் இருந்தது, டெல்மருக்கும் சேர்த்து.

டெல்மர் வெல்டர். பருத்தி எடுக்கும் எந்திரங்களையும் வயல் தண்ணீர்க் குழாய்களையும் ஒட்டிக் கொடுத்தே காலம் தள்ளியவன். வாயைத் திறந்து பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று கிண்டல் செய்வோம். எங்கள் ஊரில் மழை எப்போதாவதுதான் வரும்.

கெர்ன் ஆற்றங்கரை இடிந்து போகாமல் இருக்க, அந்தக் காலத்து விவசாயிகள் எஞ்சின் இல்லாத பழைய கார்க் கூடுகளைக் கொண்டுவந்து கரையில் அடுக்கி வைத்திருந்தார்கள். எண்பத்தேழில் அதில் ஒன்று சரிந்து மணலில் கிடந்தது. 1931 ஃபோர்டு, இரண்டு பேர் உட்காரும் சின்னக் கூடு. எடுத்துக்கொள்ளட்டுமா என்று நிலத்துக்காரரிடம் டெல்மர் கேட்டான்.

"தாராளமா எடுத்துட்டுப் போ. ஆனா கரை இடிஞ்சா அந்த இடத்துல நீதான் வந்து படுத்துக்கணும்" என்றார் அவர்.

எஞ்சின், அடிபட்டுக் கிடந்த ஒரு பிக்கப் வண்டியினுடையது. பெட்ரோல் டாங்க்குக்கு ஒரு பீர் பீப்பாய். உட்காரப் பள்ளிக்கூடப் பஸ்ஸின் இருக்கை. புகைக் குழாய்கள் இரண்டும் வயல் தண்ணீர் போன குழாய்கள். கூரையை நாலு அங்குலம் வெட்டி இறக்கினான், டெல்மரே தலையைக் குனிந்துதான் ஓட்டவேண்டும். ஒன்றுமே கடையில் வாங்கியதில்லை. வேலை ஏறக்குறைய முடிந்த அன்று லவோனைக் கூப்பிட்டான், ஒரு ரவுண்டு போய்விட்டு வரலாம் என்று. அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"பெயிண்ட் அடி. அப்புறம் ஏறறேன்."

"அடிக்கத்தான் போறேன்."

"அடிச்சதும் சொல்லு."

கடையிலிருந்து கொண்டுவந்த நிற அட்டையில் அவளே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பிஞ்சு பாதாம் காயின் இளம்பச்சை. ஆனால் கையில் காசில்லை, அந்த மே மாதம் மாவட்ட மைதானத்தில் நடந்த கார்க் கண்காட்சிக்கு டெல்மர் வெறும் இரும்போடுதான் போனான்.

அங்கே ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் ஒரு அட்டை செருகவேண்டும். வருடம், எஞ்சின், நிறம் என்று மூன்று கோடுகள் இருக்கும். டெல்மர் பொய் சொல்லத் தெரியாதவன். நிறம் என்ற இடத்தில் 'இன்னும் முடியலை' என்று எழுதினான். அந்த இரண்டு வார்த்தைதான் பின்னால் அவன் கழுத்தைச் சுற்றியது.

மற்ற கார்களெல்லாம் முகம் பார்க்கலாம் போல மின்னின. கிட்டே போகாதே என்று சுற்றிக் கயிறு வேறு. சொந்தக்காரர்கள் நாற்காலி போட்டு, கையில் துணியோடு, ஈ உட்கார்ந்தால் துடைப்பதற்குத் தயாராக இருந்தார்கள். டெல்மரின் காருக்குக் கயிறும் இல்லை, துணியும் இல்லை. பையன்கள் தொட்டுப் பார்த்தார்கள், குனிந்து அடியில் பார்த்தார்கள். இது பீர் பீப்பாய்தானே என்று சிரித்தார்கள். கடைசியில் கூட்டம் முழுக்க அங்கேதான். அட்டையில் இருந்தது காரின் பெயர் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

"பேரு பிரமாதம்ணே! 'இன்னும் முடியலை'! யார் வெச்சது?"

"பேர் இல்லப்பா அது. நிஜமாவே முடியலை" என்றான் டெல்மர்.

அதற்கும் சிரித்தார்கள். மனிதன் என்ன அடக்கம் என்று வியந்தார்கள்.

அடுத்த வருடம் பெயிண்ட் இல்லாமல் இரண்டு கார் வந்தது. அதற்கடுத்த வருடம் ஒன்பது. ஃப்ரெஸ்னோவிலிருந்து ருடி அரெடோண்டோ என்று ஒருவன், இருபத்தாறு வயது, இறைச்சிக் கூடத்தில் வேலை. டெல்மரின் காரைப் பார்த்துவிட்டுப் போய் வெல்டிங் கற்றுக்கொண்டு, கோழிப் பண்ணையில் கிடந்த கூடு ஒன்றை வைத்து ஒரு கார் கட்டிவிட்டான். "காசிருக்கிறவனுக்குத்தான் இதெல்லாம்னு நினைச்சிட்டிருந்தேன்ணே" என்று எல்லோர் முன்னாலும் டெல்மரைக் கட்டிக்கொண்டான். டெல்மருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். இது பொய்யான சந்தோஷம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் ருடியோடு நிற்கவில்லை. 'முடியலை சங்கம்' என்று ஒன்று ஆரம்பித்தார்கள், அதற்குச் சட்டை அச்சடித்தார்கள். பெயிண்ட் அடித்த காருக்குச் சங்கத்தில் இடமில்லை. பேக்கர்ஸ்ஃபீல்டில் லிண்ட்கிரென் என்று ஒரு பல் டாக்டர். புத்தம் புதிய இரும்புக் கூடு ஒன்றை வரவழைத்தார். அதை முற்றத்தில் நிறுத்தி வினிகரும் உப்பும் தெளித்துத் தெளித்து ஒரு கோடை முழுக்கத் துருப்பிடிக்க வைத்தார். மழை வராதா என்று வானத்தைப் பார்த்த ஒரே பல் டாக்டர் அவர்தான்.

இதற்கிடையில் மூன்றாம் வருடமே டெல்மர் இளம்பச்சை பெயிண்ட் இரண்டு டின் வாங்கிவிட்டான் என்பதையும் சொல்லவேண்டும். ஷெட்டில் அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். முதலில் அறுவடைக் காலம், நேரமில்லை என்றான். பிறகு கண்காட்சி முடியட்டும் என்றான். அப்புறம் சாக்குச் சொல்வதையும் விட்டுவிட்டான். மைதானத்தில் நுழைந்தால் நாலு பேர் ஓடி வருகிறார்கள், அண்ணே அண்ணே என்கிறார்கள். அவனுக்கு அது பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது? லவோன் துணி சோப்பு எடுக்க ஷெட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த டின்களைப் பார்த்தாள். சோப்பை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

தொண்ணூற்றெட்டு ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, பல் டாக்டர் ஒரு பத்திரிகைப் படக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கார் பத்திரிகையின் முகப்பு அட்டையில் வரப்போகிறது என்றார். ருடியும் வந்திருந்தான். லவோன் எல்லோருக்கும் காபியும், பீச் பழம் வைத்துச் சுட்ட பணியாரத் துண்டுகளும் கொண்டுவந்தாள். படக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"மேடம், நீங்க உள்ள உக்காந்தா ரொம்ப நல்லா இருக்கும். பஞ்ச காலத்துல ஊர் விட்டு ஊர் வந்த குடும்பம் மாதிரி. டாக்டர் அதுக்குத் துணிகூடக் கொண்டாந்திருக்காரு."

டாக்டர் பையிலிருந்து எடுத்தார். மாவு மூட்டைத் துணியில் தைத்த ஒரு கவுன். வேண்டுமென்றே ஓரத்தைக் கிழித்துவிட்டிருந்தார்கள்.

லவோன் அதைக் கையில் வாங்கினாள். தையலைத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க அம்மா இதைவிட நல்லாத் தைப்பா" என்றாள். "நான் இந்த மாதிரி வண்டியில போயிருக்கேன் டாக்டர். அப்ப எங்களை யாரும் போட்டோ எடுக்கலை."

கவுனை நாலாக மடித்து டாக்டர் கையில் கொடுத்துவிட்டு, காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். படக்காரர் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. மனிதர் கெட்டவர் இல்லை, தெரியாதவர்.

டெல்மர் பின்னாலேயே போனான். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"பெயிண்ட் அடின்னு சொன்னேன்ல. அதுக்கு மேல என்ன சொல்லணும்?"

பிறகு சொன்னாள். அவளுடைய எட்டு வயதில் அர்க்கன்சாஸ் மாநிலத்திலிருந்து வந்தார்கள், பருத்தி பறிக்க. அப்பாவின் டிரக்கில் பெயிண்ட் என்று ஒரு பொட்டு கிடையாது, இருக்கை துருப்பிடித்த கம்பி. பள்ளிக்கூடத்துக்கு அவளிடம் இருந்தது ஒரே கவுன், வெள்ளை. இறங்கும்போது பின்பக்கம் முழுக்கச் செங்கல் நிறத்தில் கோடு கோடாக ஒட்டியிருக்கும். அம்மா ராத்திரி எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'துரு'. ஆறாம் வகுப்பு வரைக்கும் அதே பெயர்.

"உன் டாக்டர் உப்புப் போட்டுத் துருவை வரவழைக்கிறாரு. எங்க அம்மா உப்புப் போட்டு அதைப் போக்கத் தெரியாம அழுதுட்டிருந்தா" என்றாள். "நீ கெட்டிக்காரன், டெல்மர். அந்தக் காரும் நல்ல கார்தான். ஆனா நான் அதுல ஏற மாட்டேன்."

டெல்மர் நேரே ஷெட்டுக்குப் போனான். மேல்தட்டிலிருந்து டின்னை இறக்கி மூடியை நெம்பினான். உள்ளே பெயிண்ட் இறுகிக் கல்லாகியிருந்தது. இன்னொன்றையும் திறந்தான், அதுவும் அப்படியே. எட்டு வருடம் ஆகியிருந்தது. அந்தக் கணம் தனக்கு அவமானமாக இருந்தது என்று பிற்பாடு என்னிடம் அவனே சொன்னான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

திங்கட்கிழமை புது டின் வாங்கிவந்தான். துருவைத் தேய்க்கிற சத்தம் தெருவுக்கே கேட்டது. செய்தி ஃப்ரெஸ்னோ வரை போய், புதன்கிழமை ருடி மூச்சிரைக்க வந்து நின்றான்.

"அண்ணே, வேணாம்ணே. இந்தக் காரைப் பாத்துத்தான் நான் கட்டினேன். இதை அழிக்கலாமா?"

"உன் வண்டி உன்கிட்ட இருக்குல்ல?"

"இருக்கு."

"அதுக்கு நான் பெயிண்ட் அடிக்க வரலையே."

ருடி காரை ஒரு சுற்று சுற்றி வந்தான். பிறகு, "கூரைப் பக்கம் விட்டுட்டீங்க, பாருங்க" என்று ஒரு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு தேய்க்க உட்கார்ந்தான்.

மே மாதக் கண்காட்சி வந்தது. வாசலில் நின்ற ஆள் காரை அடையாளம் கண்டுகொள்ளாமல் பின் வரிசைக்கு அனுப்பிவிட்டார். முன் வரிசையில் துருப்பிடித்த கார்கள் இருபத்திமூன்று நின்றன. நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது, டெல்மருக்காக வைத்திருந்தது. சங்கத்துக்காரர்கள் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார், சாவு வீட்டில் கழற்றுவதுபோல. கிட்டே யாரும் வரவில்லை. ஐஸ்கிரீம் வண்டி தேடி வந்த ஒரு குடும்பம் மட்டும் 'அழகா இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போனது.

டெல்மர் அட்டையில் 'நிறம்: பச்சை' என்று எழுதிக் கண்ணாடியில் செருகினான். அவனுக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். முன் வரிசைப் பக்கம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

லவோன் அன்றைக்கு வெள்ளைக் கவுன் போட்டிருந்தாள். வாஸ்கோவிலிருந்து முக்கால் மணி நேரம் அந்தக் காரில் உட்கார்ந்து வந்திருந்தாள். இப்போது கதவைத் திறந்து மெல்ல இறங்கினாள். டெல்மருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"பின்னாடி பாரு. ஏதாவது ஒட்டியிருக்கா?"

டெல்மர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கழுத்திலிருந்து கவுனின் ஓரம் வரை பார்த்தான்.

"ஒண்ணுமில்ல."

"நல்லாப் பாரு."

அவன் புல்லில் முட்டி போட்டு, கிட்டத்தில் இன்னொரு முறை பார்த்தான்.

"ஒண்ணுமே இல்ல, லவோன்."

அவள் தலையை ஆட்டினாள். மறுபடியும் ஏறி உட்கார்ந்துகொண்டாள், மைதானம் காலியாகும் வரைக்கும் இறங்கவில்லை.