பனிமலைக்குப் போக ஒரு மொட்டை

எங்கள் கடையில் விற்பது ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும் பைப்பும். வடமதுரைப் பக்கம் நிலத்தடித் தண்ணீர் இறங்க இறங்க எங்களுக்கு வியாபாரம் ஏறும். அந்த வருடம் பொல்லாத கோடை. ஏற்கெனவே போர் போட்டிருந்தவர்கள்கூட இன்னும் ஆழமாகப் போட்டார்கள். பைப் கம்பெனி வைத்த டார்கெட்டை என் வீட்டுக்காரர் தாண்டிவிட்டார். பரிசாகக் குடும்பத்தோடு ஜார்ஜியா போய்வர ஏற்பாடு. பெரிய ஹோட்டல், பனிமலை, பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு வகுப்பு எல்லாம் உண்டு. ஊர்க் கிணறுகள் காய்ந்த புண்ணியத்தில் நாம் பனி பார்க்கப் போகிறோம் என்று சொன்னேன். "நல்ல வாயா நாலு வார்த்தை பேசத் தெரியாதா உனக்கு?" என்றார்.

எனக்குப் பனிமேல் ஆசை கிடையாது. மார்கழியில் சிறுமலை ஏறினாலே தும்முகிற உடம்பு இது. ஆசை எல்லாம் என் மகளுக்குத்தான். அப்போது அவளுக்கு ஏழு வயது. பனிச்சறுக்கு வகுப்பு உண்டு என்று காதில் விழுந்த நாளிலிருந்து போனில் அந்த வீடியோக்களைத்தான் பார்த்தாள். வெள்ளிக்கிழமை வீடு கழுவ ஹாலில் சோப்புத் தண்ணீரை ஊற்றினால் போதும், கைக்கு ஒரு விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு பூஜை அறை வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் சறுக்குவாள். அவளுக்குப் பின்னாலேயே நான்கு வயதுத் தம்பியும் வந்து விழுவான். "முழங்கால மடக்கணும்மா, முன்னாடி சாயணும், அப்பத்தான் விழ மாட்டோம்" என்று எனக்கு வேறு பாடம் நடத்துவாள். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருமுறை சறுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு சிரிப்பு அந்த வீட்டில் அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

விசா கைக்கு வந்த அன்றுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். டார்கெட் முடிந்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் பழனியில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டிருந்தாராம். வேண்டிக்கொண்டவர் அவர், டார்கெட் முடித்தவரும் அவர், முடி மட்டும் பிள்ளைகளுடையது. மாதம் தவறாமல் சாயம் பூசிக்கொள்கிற அவருடைய முடியைப் பற்றி வேண்டுதலில் பேச்சே இல்லை. பையனுக்கு முடி போனால் பத்து நாளில் மறந்துவிடுவான். மகளுக்கோ இடுப்பைத் தொடும் இரட்டைச் சடை, நான் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து வளர்த்தது.

"போயிட்டு வந்து இறக்கிக்கலாமே" என்றேன்.

"வேண்டுதலப் பாக்கி வச்சிட்டு பிளேன்ல ஏறச் சொல்றியா? நடுவானத்துல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

இதற்கு மேல் எந்தத் தாய் வாயைத் திறப்பாள்? பிள்ளைகளின் உயிரை முன்னால் வைத்துப் பேசினால் நாம் அடங்கிவிடுவோம் என்பது இவர்களுக்குத் தெரியும்.

மகளைச் சரிக்கட்டுவது அவருக்கு இன்னும் சுலபமாக இருந்தது. "அங்க அம்புட்டுப் பேரும் குல்லா போட்டுக்கிட்டுத்தான் திரிவாங்க. உனக்கு மொட்டைன்னு யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ரோஸ் நிறத்தில் கம்பளிக் குல்லா வேண்டும், அதை யாரும் கழற்றச் சொல்லக்கூடாது என்றாள். அவரும் சரியென்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பழனியில் கத்தி வைத்தபோது அவள் அழவில்லை. சடை மடியில் விழுந்ததும் அதைத் தொட்டுப் பார்த்தாள், அவ்வளவுதான். சந்தனம் காய்வதற்குள் குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டாள். காரில் திண்டுக்கல் திரும்பும்போது அந்த வெயிலிலும் கழற்றவில்லை.

ஜார்ஜியாவில் நாங்கள் ஒரு பஸ் நிறைய டீலர் குடும்பங்கள். எங்களுக்குப் பக்கத்து சீட்டில் ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர், மனைவியோடும் பையனோடும் வந்திருந்தார். மலை ஏறியதும் எல்லோரும் பனியை அள்ளி எறிந்து கூத்தடித்தார்கள். என் மகள் எதிலும் கலந்துகொள்ளவில்லை. பனிச்சறுக்குப் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். இடம் குறைவு என்பதால் கம்பெனிக்காரர்கள் டார்கெட்டில் முன்னால் நின்ற சில குடும்பங்களின் பிள்ளைகளை மட்டும் இரண்டு நாள் வகுப்புக்குச் சேர்த்திருந்தார்கள். ஒட்டன்சத்திரத்துக்காரர் பையனுக்கு இடம் கிடைக்கவில்லை.

முதல் நாள் காலையில் சொல்லிக்கொடுக்கிற பெண் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டே வந்தாள். ஹெல்மெட் என்று ஒன்று உண்டென்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. வீடியோவில் நூறு தடவை பார்த்திருப்போம். ஆனாலும் எங்கள் புத்தியில் குல்லாதான் பதிந்திருந்தது. என் பையனின் குல்லாவைக் கழற்றியதும் அந்தப் பெண் சிரித்து அவன் மண்டையைத் தடவினாள். மொட்டையடித்த பையனை எந்த ஊரிலும் பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது. அவன் ஹெல்மெட்டோடு முன்னால் ஓடிவிட்டான்.

அடுத்து என் மகளிடம் வந்து குல்லாவைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினாள். இவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். விளையாடுகிறாள் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்துக்கொண்டே குல்லாவை உருவிவிட்டாள்.

உருவியவளின் சிரிப்பு நின்றுவிட்டது. சுற்றி நின்ற பிள்ளைகள் பார்த்தார்கள். பக்கத்தில் தன் பிள்ளைக்குப் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டம்மா என் மகளின் தலையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது அவருக்கு. பெரிய நோய் என்று நினைத்துவிட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "டெம்பிள், காட், ப்ரேயர்" என்றேன். அதைக் கேட்டு அவர் இன்னும் அழுது, என்னைக் கட்டிப்பிடித்து, மகளின் கையில் ஒரு சாக்லேட்டை வைத்தார். பாவம், அவர்மேல் குற்றமில்லை.

"அம்மா, எனக்கு என்ன? எதுக்கு அந்த ஆன்ட்டி அழுகுறாங்க?" என்று கேட்டாள் என் மகள்.

ஒன்றுமில்லை கண்ணு என்றேன். அவள் நம்பவில்லை. சாக்லேட்டைப் பனியில் போட்டுவிட்டு, குல்லாவைப் பிடுங்கிக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். முதலில் கெஞ்சினார், ஐஸ்கிரீம் என்றார், பொம்மை என்றார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்றதும் குரல் மாறியது. "இம்புட்டு தூரம் வந்து என் மானத்த வாங்குறியே! கழட்டுடி!" என்று குல்லாவில் கை வைத்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். அன்றைக்கு முழுக்க அவளும் நானும் டீக்கடை கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, தம்பி சறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "அவன் முழங்கால மடக்கவே மாட்டேங்கிறான்மா" என்று மட்டும் ஒருதரம் சொன்னாள்.

சாயங்காலம் அறையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் சுடிதார் ஷாலை நான்காக மடித்து அவள் தலையில் இறுக்கிக் கட்டிவிட்டேன். மெல்லிய துணி, அதன்மேல் ஹெல்மெட் தாராளமாக உட்காரும். மண்டை ஒரு பொட்டுகூடத் தெரியவில்லை. அவள் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். பிறகு கட்டிலில் ஏறி நின்று முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தாள். "நாளைக்குப் போறேம்மா" என்றாள். அந்த ஷாலைக் கட்டிக்கொண்டேதான் தூங்கினாள்.

காலையில் வகுப்புக்குப் போனால், ஒட்டன்சத்திரத்துக்காரர் தன் பையனுக்கு ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாப்பாட்டின்போது அவர், "ஏனுங்க, பாப்பா போகலீங்கன்னா நம்ம பையன் ஒருக்கா போகட்டுமுங்களா?" என்று கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் தாராளமாக என்று சொல்லிவிட்டார். என்னிடமும் கேட்கவில்லை, அவளிடமும் கேட்கவில்லை.

"அவ வந்திருக்கா, பாருங்க. ரெடியா நிக்கிறா" என்றேன்.

"நேத்து அம்புட்டு கெஞ்சினேன், வந்தாளா? வாக்குக் குடுத்துட்டேன். இப்பப் போயி இல்லேன்னா நல்லாவா இருக்கும்?"

அந்த ஒட்டன்சத்திரத்துக்காரர் நல்ல மனிதர். விஷயம் புரிந்ததும் பையனின் ஹெல்மெட்டைக் கழற்றப் போனார். "ஐயோ, பாப்பாவே போகட்டுமுங்க. நமக்கு இதுல ஒண்ணுமில்லீங்க" என்றார். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "அட விடுங்க, அவ பயந்தாங்கொள்ளி. போயி நின்னு மறுபடி அழுவா" என்றார். சுற்றியிருந்த டீலர்கள் சிரித்தார்கள். அத்தனை பேர் முன்னால் நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதுகூட நினைவில்லை. அவர் போனை எடுத்துக்கொண்டு எங்கள் பையனை வீடியோ எடுக்கப் போய்விட்டார்.

என் மகள் அழவில்லை. ஷாலை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, பையிலிருந்த குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஊருக்கு வந்ததும் அந்த வீடியோ எல்லார் வீட்டுக்கும் போனது. பார்த்தவர்கள் தவறாமல் பாப்பா எங்கே என்று கேட்டார்கள். "அவளா? பயந்துட்டா" என்று அவரும் தவறாமல் சொன்னார். ஆரம்பத்தில் மகள் மறுத்துச் சொன்னாள். நாத்தனார் வீட்டு விசேஷத்தில் எழுந்து நின்று, "நான் பயப்படல" என்று கத்தினாள். பெரியவர்கள் எல்லாம் சிரித்து, கன்னத்தைக் கிள்ளினார்கள். அதற்குப் பிறகு அவள் மறுப்பதை விட்டுவிட்டாள். நான்தான் ஒவ்வொரு இடத்திலும் நடந்ததைச் சொன்னேன். சாமி காரியத்தில் குறை சொல்கிறவள் என்று எனக்குப் பெயர் வந்ததுதான் மிச்சம்.

இப்போது முடி தோள்வரை வளர்ந்துவிட்டது. போன வாரம் சாப்பிடும்போது அவர், இந்த வருடம் டார்கெட் முடிந்தால் சுவிட்சர்லாந்தாம், மறுபடியும் வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

"உங்க தலையவா?" என்று கேட்டேன்.

நான் வேடிக்கையாகக் கேட்டேன் என்று நினைத்து, புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். மகள் சாப்பாட்டுக் கையைத் தட்டில் வைத்துவிட்டு, இடது கையால் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்த மனிதர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நேற்று வெள்ளிக்கிழமை. ஹாலில் சோப்புத் தண்ணீரை ஊற்றினேன். பையன் இரண்டு விளக்குமாற்றையும் தூக்கிக்கொண்டு, முழங்காலை மடக்காமலே அடுப்படி வரைக்கும் சறுக்கிப் போய்ச் சுவரில் முட்டினான். மகள் பூஜை அறை வாசற்படியில் கால் நனையாமல் நின்றாள். என் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாடி, நாம ரெண்டு பேரும் போவோம் என்று கையை நீட்டினேன்.

"நீ போம்மா. எனக்குப் பயம்" என்றாள்.