உளுந்துக்கு மேலே பறந்த பந்து

ஏழு வருடமாக ஒரே போட்டிக்குப் போய், ஏழு வருடமும் வெறுங்கையோடு திரும்பியவள் நான். தஞ்சாவூரில் பல் மருத்துவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்ஃப் பைத்தியம். இந்த மாசியில் எட்டாவது தடவையாகக் கிளம்பியபோது என் கணவர், "கப்பு வாங்காம வந்தா கதவைத் திறக்க மாட்டேன்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

காலை 5.40க்கு பஸ். 8.25க்கு நாகப்பட்டினம். அங்கிருந்து தெற்கே பதினொரு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 300 ரூபாய். "குச்சிப் பையோட எங்கம்மா போறீங்க, மீன் பிடிக்கவா?" என்று டிரைவர் கேட்டார். "பந்து அடிக்கங்க" என்றேன். "இந்த வெயில்லயா?" என்று வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.

வெள்ளைக்காரர் காலத்து மைதானம், ஒன்பதே குழிகள். பச்சை மெத்தையை எதிர்பார்த்து வராதீர்கள். குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதில் எண்ணெய் கலந்த மணல்தான். பந்தை உருட்டினால் மணலில் கோடு விழும். ஆடி முடித்தவர் அடுத்தவருக்காக மரப்பலகையால் அந்தக் கோட்டை அழித்துவிட்டுப் போக வேண்டும். கப்பு வாங்கியவரின் கடைசிக் கோட்டை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். தானாக அழியும்வரை கிடக்கும். ஏழு வருடமும் பிறர் கோட்டைப் பார்த்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறேன். வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்?

கடைசிக் குழிக்குப் பந்து பக்கத்து வயலைத் தாண்டிப் போக வேண்டும். அதனால் சம்பா அறுவடை முடிந்த பிறகுதான் போட்டியே. வயல் ரத்தினம் அண்ணனுடையது. அவரும் ஆடுவார், மூன்று முறை கப்பு வாங்கியவர். அறுத்த நெல்லின் தாள் மேல் பந்தை உருட்டிவிடுவது என் வழக்கம். உயரத் தூக்கி அடிக்க எனக்கு வராது. பல் பிடுங்கிய கை, இழுக்கத்தான் தெரியும்.

இந்த வருடம் போய்ப் பார்த்தால் வயல் முழுக்க உளுந்து முளைத்து நிற்கிறது!

"அறுப்புக்குப் பத்து நாள் முன்னாடி, நெல்லு நிக்கும்போதே, கைப்பழக்கத்துல தெளிச்சுப்புட்டேன் டாக்டரம்மா. போட்டி ஞாபகமே வரல" என்று தலையைச் சொறிந்தார் ரத்தினம் அண்ணன். கமிட்டி கூடி முடிவு சொன்னது: பயிரில் பந்து விழுந்தால் ஒரு ஷாட் அபராதம், பந்தை எடுத்து வரப்பில் வைத்து ஆட வேண்டும். எனக்கு அங்கேயே பாதி உயிர் போய்விட்டது.

குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் கப்பு. எட்டுக் குழி முடிந்தபோது நானும் அவரும் சமம். மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். பிற்பகல் 2.15. எதிரே நூற்றுப் பத்து கெஜம், நடுவில் உளுந்து. முதலில் அவர் அடித்தார். கடற்காற்று தள்ளி, பந்து அவருடைய உளுந்திலேயே விழுந்தது.

"உங்க வயல்தானே, இறங்கி அடிச்சிருங்கண்ணே" என்று யாரோ கிண்டலடித்தார்கள்.

"யார் வயலா இருந்தா என்னங்க, மிதிச்சா செடி செத்துடும்ல?" என்றவர், பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போய்ப் பந்தைப் பொறுக்கி வந்தார். வரப்பிலிருந்து அடித்து மணலுக்குக் கொண்டுபோய், குழியில் போட்டபோது அபராதத்தோடு நான்கு அடி.

என் முறை. உருட்ட வழியில்லை. கர்த்தரே என்று ஓங்கி அடித்தேன். பந்து எழும்பியது! என் பந்துதானா என்று எனக்கே சந்தேகம். உளுந்து முழுவதையும் கடந்து மணல் விளிம்பில் விழுந்து நின்றது. குழிக்கு நான்கு மீட்டர். இரண்டு தட்டில் போட்டாலே போதும்; ஒரே தட்டில் போட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் கத்திக்கொண்டு குதித்தேன், வெட்கமே இல்லாமல்.

பிறகு பழக்கதோஷத்தில் பலகையை எடுத்தேன். ரத்தினம் அண்ணன் அதைப் பிடுங்கிக்கொண்டார். "விடுங்க டாக்டரம்மா. இது உங்க கோடு."

போக நினைப்பவர்களுக்கு: நுழைவுக் கட்டணம் 500 ரூபாய். நிழல் கிடையாது, தொப்பியும் இரண்டு பாட்டில் தண்ணீரும் கட்டாயம். நாகப்பட்டினத்தில் 900 ரூபாய்க்கு அறை கிடைக்கும். பந்தைத் தூக்கி அடிக்கப் பழகிக்கொண்டு வாருங்கள். ரத்தினம் அண்ணனின் கையை நம்ப முடியாது.

மறுநாள் காலை கிளம்புமுன் போய்ப் பார்த்தேன். மணலில் ஓர் ஆடு குறுக்கே நடந்திருந்தது. கோடு அப்படியே குழி வரை இருந்தது. படமெடுத்துக் கணவருக்கு அனுப்பினேன்.

"கதவு ராத்திரியிலேருந்து திறந்தே கெடக்கு" என்று பதில் வந்தது.