ஃபில்டர் போட்டுக் கொடுத்து வாங்கிய பேச்சு

செல்போன் சர்வீஸ் கடையில் உடைந்த திரையை மாற்றிக் கொடுத்தால் நன்றி கிடைக்கும். உள்ளே வருவதை வடிகட்டிக் கொடுத்தால் பேச்சுத்தான் கிடைக்கும். அடுத்தவர் போனைத் தொட்டுக் கெட்ட பெயர் வாங்கிய அனைவருக்கும் இது தெரியும். செட்டிங்ஸில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று ஓர் இடம் உண்டு. அதில் ஃபில்டர் பெயரைத் தட்டிவிட்டால் ஆபாசத் தளம், சூதாட்டம் எல்லாம் திறக்காது. எங்கள் பனியன் ஊரின் ராயபுரம் பகுதியில் இருக்கும் என் கடையில் அதைப் போட்டுக் கொடுக்கிறேன்.

ரகசியம்

அவிநாசியிலிருந்து ஓர் அம்மா வந்தார். சமையல் வீடியோ தேடினால் கண்ட கண்ட விளம்பரம் வருகிறதாம். ஃபில்டரைப் போட்டுவிட்டு, “இனி உங்க போன் எந்தத் தளத்தைத் தேடுதுன்னு நடுவுல இருக்கறவங்க பாக்க முடியாதுங்க, பூட்டுன உறையில போற மாதிரி” என்று பெருமையாக விளக்கினேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அப்ப நான் எதையப் பாத்துக் கொழம்பு வெக்கறேன்னு எம் மருமகளுக்கும் தெரியாதுங்களா?”

உள்ளாடை

வீரபாண்டியில் உள்ளாடைக் கம்பெனி நடத்தும் துரைசாமி அண்ணன், மகள் அவர் போனை எடுத்துப் பார்க்கிறாள் என்று ஃபில்டர் போட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அழைத்தார். சரக்கு வாங்க வந்த வெளிநாட்டு ‘பையர்’ எதிரே உட்கார்ந்திருக்கிறார். காட்டலாம் என்று பார்த்தால் சொந்தக் கம்பெனியின் வெப்சைட்டே திறக்கவில்லை. மாடிப்படிக்கு ஓடி வந்து பேசுகிறார், மூச்சு வாங்குகிறது. ஃபில்டரை அணைக்கும் வழியைப் போனிலேயே சொன்னேன். உள்ளாடைப் படங்களைப் பார்த்து ஃபில்டர்காரர்கள் ஆபாசப் பட்டியலில் சேர்த்திருப்பார்கள் என்றும் சொல்லித் தொலைத்தேன். “எங்கப்பா காலத்துல இருந்து ஜட்டி தெச்சுத்தானுங்க தம்பி இந்த ஊரே சாப்பிடுது, அதையப் போயி ஆபாசம்னு சொன்னவன் யாருங்க?”

ரம்மி

மரகதம் அக்கா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவர். கணவர் ஞாயிறு முழுக்க ஆன்லைன் ரம்மி. மகளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவருக்குத் தெரியாமல் போனைக் கொண்டுவந்து ஃபில்டர் போட்டு வாங்கிப் போனார்.

அடுத்த வாரம் கணவரே வந்தார். “வாட்ஸப் வருது, ரம்மி மட்டும் சுத்திக்கிட்டே நிக்குதுங்க.” பின்னால் நின்ற அக்கா என்னைப் பார்த்துக் கைகூப்பினார். எனக்குப் பொய் சரளமாக வராது. “நான்தானுங்க அண்ணா அடைச்சேன்” என்று சொல்லிவிட்டு, அடி விழும் என்று ஓரடி பின்னால் நகர்ந்தேன். அவர் திரும்பி, கூப்பிய கையோடு நின்ற அக்காவைப் பார்த்தார். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டார். “எடுக்க வேண்டாங்க, எப்படி எடுக்கறதுன்னு எனக்குச் சொல்லியும் குடுத்தறாதீங்க.”

இத்தனை பேருக்குப் போட்டுக் கொடுத்த நான் என் போனில் மட்டும் இன்னும் போடவில்லை. தொழில் செய்கிறவனுக்கு எல்லாம் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.