இடது நிலைக்காலாக நின்ற கதை

பாலிடெக்னிக்கில் எனக்குப் பின்னால் படித்த தம்பிகள் அடிக்கடி கேட்கிறார்கள்: "அண்ணே, மிசின் வந்துட்டா மர வேலையெல்லாம் போயிருமா?" பதில் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. மிசினால் போன ஒரு வேலையைப் பக்கத்தில் இருந்தே பார்த்தவன் நான்.

1. சேர்ந்த அன்று

திண்டுக்கல்லில் இருந்து வடமதுரை போகும் ரோட்டில் கதவு, நிலை செய்கிற ஒரு பட்டறை. அங்கே புதிதாக ஒரு சிஎன்சி மிசின் வந்திறங்கியது. கம்ப்யூட்டரில் டிசைன் கொடுத்தால் மரத்தைத் தானே துளைத்து, வெட்டி, பூவேலையும் செய்துவிடும். அதை ஓட்ட என்னை எடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் சின்னாளபட்டியில் தறி நெய்கிறவர்கள். வேலை கிடைத்த சேதியைச் சொன்னபோது அப்பா ஒன்றுதான் சொன்னார். "மிசினு வந்தா யாருக்கு வேலை போகும்னு மொதல்ல கேட்டுக்க. அந்தப் பெஞ்சுல மட்டும் போய் உக்காந்துறாத."

நான் சிரித்தேன். மிசினை ஓட்டுகிறவனுக்கு எப்படி வேலை போகும்?

முதல் நாள் சட்டையை இன் பண்ணி, பாக்கெட்டில் வெர்னியர் காலிப்பரைச் சொருகிக்கொண்டு போனேன். அது வெளியே தெரிகிற மாதிரி நின்றேன். அந்தப் பட்டறையில் இன்றுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

ஆசாரிகள் இரண்டு பேர். ராசு அண்ணன் நிலை, கதவு செய்வதில் கெட்டிக்காரர். தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே எடுத்துச் சொல்வதில் அதைவிடக் கெட்டிக்காரர். பேகம்பூர் காதர் பாய், செய்த கதவை வீட்டில் கொண்டுபோய் மாட்டுகிறவர். முதலாளி என்னைத் தனியாக ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்:

"மிசின் வித்தவன், இது இருந்தா ஆளு ஒண்ணு மிச்சமாகும்னு சொல்லித்தான்யா வித்தான். எந்த ஆளுன்னு எனக்குப் பிடிபடல. நீ படிச்சவன். கூடவே இருந்து பாரு. தீபாவளிக்கு முன்னாடி எங்கிட்டச் சொல்லு."

யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னார். நானும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளில் இருந்து ராசு அண்ணன் எனக்கு டீயோடு வடையும் சேர்த்து வாங்கி வந்தார். காதர் பாய் வீட்டில் இருந்து பிரியாணி வந்தது. முதலாளி பேசினால் ரோட்டுக்கே கேட்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தார்கள். வடை அதற்கப்புறம் சரியாக இறங்கவில்லை. ஆனாலும் தின்றேன்.

2. வடமதுரைப் பக்கத்து நிலை

மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிற ஒரு விவசாயி புது வீடு கட்டினார். தலைவாசல் நிலை தேக்கில் எங்களிடம் ஆர்டர். முழுக்க மிசினில் செய்யும் முதல் நிலை அது. நிலைக்கால் இரண்டுக்கும் அடியில் குடம் மாதிரி ஒரு வேலைப்பாடு. அந்த இடம் மட்டும் அகலம். ஒரே பெரிய பலகையில் இரண்டு காலையும் எடுக்க வேண்டும். சாஃப்ட்வேர் கணக்குப் போட்டு, ஒரு காலை நேராகவும் இன்னொன்றைத் தலைமாற்றியும் படுக்க வைத்தது. இதன் குடம் அதன் தலைப்பக்கம் போய்ச் சேர்ந்தது. மரம் நன்றாக மிச்சம். நான் முதலாளியைக் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினேன். ராசு அண்ணனும் பார்த்தார். "கெட்டிக்காரப் பயபுள்ள" என்று மிசினைத் தட்டிக்கொடுத்தார். அசையவே கூடாது என்று நான் மூட்டு நாலையும் கோந்து போட்டு இறுக்கிவிட்டேன்.

நிலை வைக்கிற அன்று நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். நான் செய்த நிலை அல்லவா? அங்கே மஞ்சள், குங்குமம், மாவிலை, வாசலுக்கு அடியில் போட நவதானியம் எல்லாம் தயார். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. நிலையைத் தூக்கி நிறுத்தினோம். மாவிலை கட்டப் போன ராசு அண்ணன், இடது காலைத் தடவிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

"அப்பு, இந்தக் கால் தலைகீழா நிக்கிதுடா."

எனக்குப் புரியவில்லை. குடம் கீழேதானே இருக்கிறது?

"குடம் கீழ இருக்கு. மரம் தலைகீழா இருக்கு. வேர்ப்பக்கம் மேல போயிருச்சு. மரம் வளந்த வாக்குலதான் நிலைக்கால் நிக்கணும். இல்லாட்டி குடும்பம் தலைகீழாப் போயிரும்பாக. அன்னைக்கு ஸ்கிரீன்ல பாத்தப்ப எனக்கும் உறைக்கல." பிறகு இன்னும் மெதுவாகச் சொன்னார். "வாய மூடிக்கிட்டு நில்லு. மரம் பேசாது."

மரம் பேசாது. நான் பேசுவேன். பள்ளிக்கூடத்தில் நேர்மைக்குத் தட்டு பரிசு வாங்கியவன் நான். நேராக வீட்டுக்காரரிடம் போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, சாஃப்ட்வேர் மரத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பலகைகளை எப்படி அடுக்கும் என்பதில் ஆரம்பித்து முழுவதும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "இப்ப என்ன, என் வீட்டு நிலை தலைகீழாவா இருக்கு?" என்றார். மேளக்காரர் வாசிப்பதை நிறுத்தினார்.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. நிலையைக் கழற்றலாம் என்றால் கோந்து விடவில்லை. நான் போட்ட கோந்து. ராசு அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் நான் தின்ற வடை அத்தனையும் இருந்தது. வீட்டுக்காரரின் மனைவிதான் வழி சொன்னார். "நேரத்துக்கு நல்ல கால் ஒண்ணு நின்னாப் போதும். அந்தக் கெட்ட காலை அறுத்துப் போடுங்க. வேற கொண்டாந்து பெறகு சேத்துக்கலாம்."

ராசு அண்ணன் ரம்பத்தை எடுத்து இடது காலை மேலேயும் கீழேயும் அறுத்தார். இனி மேல்சட்டத்தை அந்தப் பக்கம் யார் தாங்குவது? முட்டுக்கொடுக்கக் கட்டை தேடினார்கள். கிடைத்த கட்டை எதுவும் நீளம் பற்றவில்லை. எல்லார் கண்ணும் உயரமாக இருந்த என் மேல் விழுந்தது.

இடது நிலைக்கால் இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு கையையும் தூக்கிச் சட்டத்தைத் தாங்கிக்கொண்டு நின்றேன். அந்த அம்மா வலது காலுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார். இந்தப் பக்கம் வந்து கொஞ்சம் யோசித்தார். பிறகு என் நெற்றியிலும் மஞ்சளைத் தடவிப் பொட்டு வைத்து, தலையைச் சுற்றிப் பூவும் போட்டார். சூடம் காட்டினார்கள். என்னையும் சேர்த்துக் கும்பிட்டார்கள். மூன்று வருட மெக்கானிக்கல் டிப்ளமோவுக்கு ஏற்ற வேலைதான்: கம்பிரெஷன் மெம்பர், அதாவது சுமைதாங்கி.

காதர் பாய் வண்டிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார். "தம்பி, வேர்ப்பக்கம் கீழதான இருக்கு?" என்று கேட்டார்.

3. ஒரு டிக்

மிசினுக்கு இந்த அறிவெல்லாம் வராது, மனுசன்தான் வேண்டும் என்று இந்த இடத்தில் நான் எழுதுவேன் என எதிர்பார்ப்பீர்கள். நானும் அப்படித்தான் நம்ப விரும்பினேன். மறுநாள் சாஃப்ட்வேரைத் தோண்டிப் பார்த்தால், மரத்தின் திசையைத் திருப்பாதே என்று ஒரு கட்டம் முன்பே இருந்தது. டிக் பண்ண வேண்டியதுதான் பாக்கி. குடும்பமே தலைகீழாகப் போகும் என்ற விஷயம் ஒரு டிக்கில் முடிந்துவிட்டது. புதுக் கால் ஒன்றை மிசினிலேயே போட்டுக் கொடுத்தோம். ராசு அண்ணன் போய்ச் சேர்த்துவிட்டு வந்தார்.

ஆனால் ராசு அண்ணனுக்கு ஒரு பயம் வந்திருந்தது. நான் லீவு போட்டால் யார் அந்த டிக்கைப் போடுவது? தனக்கும் சொல்லிக் கொடு என்றார். ஒரு மத்தியானம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். செல்போனில் ஓயாமல் வீடியோ பார்க்கிறவருக்கு மௌஸ் ஒரு பொருட்டே இல்லை. சாயங்காலம் அவரே ஒரு ஜன்னல் சட்டம் போட்டார். டிசைன் வேண்டுமென்றால் கோயம்புத்தூரில் மிசின் விற்றவர்களே நெட்டில் அனுப்பிவிடுகிறார்கள் என்பதையும், உதவியாக இருக்கட்டும் என்று, நானே சொல்லிவைத்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் முதலாளி கூப்பிட்டார். நான் உண்மையாகவே யோசித்து வைத்திருந்தேன். காதர் பாய் போகிற வீட்டில் ஒரு சுவர்கூட நேராக இருப்பதில்லை. அங்கே மிசின் வராது, இப்போதைக்கு. ராசு அண்ணனுக்கு மரமும் தெரியும், இப்போது மிசினும் தெரியும். மிச்சம் இருப்பது ஒரு ஆள்.

"எந்த ஆளுய்யா?" என்றார் முதலாளி.

"நான்தாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நெசமாவா சொல்ற?"

"ரெண்டு தடவை கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

அவர் ஆபீஸ் ரூமில் பேசியது வழக்கம்போல ரோட்டுக்கே கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து காதர் பாய் தலையை நீட்டி, தனக்குக் கதவு தூக்க ஆள் இல்லை, தம்பி உயரமா இருக்காரு, கையைத் தூக்கி நின்னு பழக்கமும் இருக்கு என்றார். முதலாளி சரி என்றார். சம்பளம் கொஞ்சம் குறைந்தது. சட்டையை இன் பண்ணுவதையும் நிறுத்திவிட்டேன்.

தம்பிகளுக்கு நான் கண்டது இவ்வளவுதான். மர வேலையா, கம்ப்யூட்டர் வேலையா என்று பார்க்காதீர்கள். உங்கள் வேலையை இன்னொருவருக்கு ஒரு மத்தியானத்தில் சொல்லிக் கொடுத்துவிட முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால், மிசின் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். கோணல் சுவரில் கதவு மாட்ட ஒரு வருசமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை. அதுதான் எனக்குத் தெம்பு.

போன வாரம் பேகம்பூரில் ஒரு வீட்டில் கதவைத் தாங்கிக்கொண்டு நிற்கும்போது ராசு அண்ணன் போன் செய்தார். மிசின் பாதியில் நின்றுவிட்டது, சிவப்பு லைட் எரிகிறது என்றார். எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. கதவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பழைய ஆபரேட்டர் குரலில், பதறாமல் முதலில் எமர்ஜென்சி பட்டனைப் பாருங்கள் என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் பாத்து நானே சரி பண்ணிட்டேன் அப்பு," என்றார். "ஓடுது. சும்மா உங்கிட்டச் சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்."