எஞ்சின் அடங்கியும் அடங்காத ஆட்டம்

போர்ட் பிளேயரின் லம்பா லைனில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த மிக்கேல் அண்ணன் மணப்பாட்டுக் கடற்கரையில் பிறந்தவர். ஐம்பத்தொன்பதில் கப்பலேறி அந்தமானுக்கு வந்து, மீன்பிடிப் படகுகளில் எஞ்சின் வேலை பார்த்தார். அவருடைய மாமனார் கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷம், இனிப் படகில் கால் வைக்கக் கூடாது என்று மனைவி ஞானசெல்வி சொல்லிவிட்டார். அப்போதுதான் காண்ட்ராக்டர் சொக்கலிங்கத்தின் ஜல்லி லாரிக்கு டிரைவரானார். ரிப்பேரும் அவர்தான் பார்ப்பார்.

அறுபத்தெட்டில் மழை ஓய்ந்த சமயம் லாரியின் கிளட்ச் பிளேட் தேய்ந்துபோனது. அவரே கழற்றி மாற்றினார். அதன் பிறகு வண்டிக்குப் புதிதாக ஓர் ஆட்டம் வந்தது. மெதுவாகப் போனால் தெரியாது. வேகம் முப்பது மைலைத் தொட்டதும் உட்கார்ந்திருப்பவர் உடம்பெல்லாம் அதிரும்.

"எஞ்சின் போச்சுப்பா. அடுத்த ஜஹாஜ்ல மெட்ராஸுக்கு அனுப்பிருவோம்" என்றார் சொக்கலிங்கம்.

"எப்ப திரும்பி வரும் முதலாளி?"

"மெயின்லேண்ட் போனது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? அதுவரைக்கும் நீ வேற ஏதாச்சும் பாத்துக்க."

வேறு வேலை என்றால் படகுதான். வேறு வழியில்லாமல் அதற்கே போக நினைத்தார்; ஞானசெல்வியிடம் அதைச் சொல்லவில்லை.

எஞ்சினில்தான் கோளாறு என்று அவரும் நம்பினார். படகில் எஞ்சினை நிறுத்தினால் அடியில் சுற்றும் விசிறியும் நிற்கும், அதிர்வும் நிற்கும். அவர் அறிந்த அதிர்வெல்லாம் எஞ்சினோடு வந்து எஞ்சினோடு போனவை. அதனால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினார், பிளக்குகளைத் துடைத்தார். ஆட்டம் குறையவில்லை.

ஒருநாள் புரோத்ராபூரில் ஜல்லியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஒரு நீண்ட இறக்கத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். எஞ்சின் சத்தம் அடங்கியது. பக்கத்தில் கிளீனர் உதயசூரியன் இருந்தான்.

"அண்ணே, எஞ்சின் தூங்குது. ஆட்டம் மட்டும் முழிச்சிட்டு இருக்கு."

"சும்மா இருடே" என்றவர், கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "ஸ்டியரிங் ஆடலியே. ஒனக்கு சீட்டா ஆடுது?"

"சீட்டு இல்லண்ணே, பல்லு ஆடுது."

மிக்கேல் அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சின் அடங்கியும் ஆட்டம் இருக்கிறது என்றால், அது வண்டியின் ஓட்டத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது. முன்சக்கரமாக இருந்தால் ஸ்டியரிங் கையிலேயே உதறும். பின்சக்கரமாக இருந்தால் சுற்றுக்கு ஒன்றாக மெதுவாகத் தூக்கிப் போடும். இது பொடியான, வேகமான அதிர்வு. சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பல சுற்று சுற்றுவது, கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் நீண்ட ஷாப்ட்தான்.

அடியில் படுத்துப் பார்த்தார். அந்த ஷாப்ட் ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு துண்டு. இரண்டு முனையிலும் கவண் போலப் பிரிந்திருக்கும் கவைகள் ஒரே வாக்கில் நிற்க வேண்டும். ஒன்று நெட்டுக்கும் ஒன்று குறுக்குக்குமாக நின்றன. கிளட்ச் மாற்ற ஷாப்ட்டையும் கழற்றியிருந்தார்; திரும்ப அவர் செருகியது அப்படித்தான். படகு ஷாப்ட்டில் கவை கிடையாது, எப்படித் திருப்பி மாட்டினாலும் ஓடும்.

அங்கேயே கழற்றி நேராகச் செருகினார். திரும்பும் வழியில் நாற்பது மைல் வேகத்திலும் வண்டி அமைதியாகப் போனது.

"ஒரு நட்டு லூஸ், டைட் பண்ணிட்டேன்னு சொல்லுங்கண்ணே. கதம், விஷயம் முடிஞ்சுது" என்றான் உதயசூரியன்.

"நான் தப்பா மாட்டுன பழிய நட்டு மேல போடவா?"

முதலாளி வீட்டு வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னார். சொக்கலிங்கம் லாரியில் ஏறி, விமான நிலையச் சாலையில் ஓட்டச் சொன்னார். சீட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தார்.

"கப்பல்ல எடம் சொல்லி வச்சிருந்தேன். ஒன்னால நாளைக்குப் போய் வேணாம்னு சொல்லணும்" என்றார் இறங்கும்போது. "இனிமே கழட்டுறதுக்கு முன்னாடி சாக்பீஸால கோடு போட்டுக்க. காலையில கல்லு ஏத்தணும், வந்துரு."

மிக்கேல் அண்ணன் அன்று வீட்டுக்கு நடந்தே போனார். ஞானசெல்வியிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார், படகுக்குப் போக இருந்ததையும் சேர்த்து.