மொட்டைக்குச் சொன்ன காரணம்

முதலில் காதுக்குப் பின்னால் காசளவு வழுக்கை. புழுவெட்டு என்றார்கள். சின்ன வெங்காயத்தைத் தேய் என்று பாகூர் கடைத்தெருவில் பார்த்தவர்களெல்லாம் வைத்தியம் சொன்னார்கள். தேய்த்தேன், தோல் வெந்ததுதான் மிச்சம். பெரியாஸ்பத்திரி தோல் டாக்டர், "புழுவும் இல்ல, பூச்சியும் இல்லம்மா. உடம்போட எதிர்ப்பு சக்தியே முடிய எதிரின்னு நெனச்சு அழிக்குது. யாருக்கும் ஒட்டாது," என்றார். மாதாமாதம் மண்டையில் ஊசி. குத்தும்போது உயிர் போகும். பஞ்சு மாதிரி நாலு முடி முளைக்கும், அதுவும் உதிரும். வெறுத்துப்போய், மிஞ்சியிருந்ததையும் வழித்தெடுக்கச் சொல்லிவிட்டேன்.

சோரியாங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி அந்த மொட்டையைப் பார்த்ததும் கட்டிப்பிடித்து அழுதாள். அம்மா போனபின் நான் தலைவாரி வளர்த்த பிள்ளை. கல்யாணமாகிப் பல வருஷமாக வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

"எனக்காவ வேண்டிக்கினு முடி குடுத்தியாக்கா?"

இல்லை என்று எந்த வாயால் சொல்ல? தலையை ஆட்டிவைத்தேன். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள்கூட, "திருப்பதியா? லட்டு எங்க?" என்று கை நீட்டினார்கள், நாசமாய்ப் போக. சில மாதங்களில் அவள் உண்டானாள். அப்புறம் பார்க்க வேண்டுமே, சொந்தக்காரர்கள் என் மொட்டையைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

வளைகாப்புக்குள் முடி முளைத்துவிட வேண்டும் என்று ஊசியை ஒன்றுவிடாமல் போட்டுக்கொண்டேன். அவள் கையில் முதல் வளையல் நான்தான் போட வேண்டும். எனக்கிருந்தது அந்த ஓர் ஆசைதான். பாழாய்ப்போன முடி வரவில்லை.

அவளை மனையில் உட்கார வைத்துச் சந்தனம் பூசினார்கள். நான் வளையலை எடுத்தேன். அவள் மாமியார் குறுக்கே கையை நீட்டினார்.

"சாமிக்குக் குடுத்த முடி இந்நேரம் கழுத்து வரைக்கும் வந்திருக்கணும். இன்னும் மொட்டையாவே இருக்குதுன்னா இன்னா அர்த்தம்? சாமி ஏத்துக்கல. நீ போடாத, புள்ளைக்கு ஆவாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாமிய ஏம்மா இழுக்கற? இது நோவு! ஊசி போட்டுக்கினு இருக்கேன். நான் யாருக்காவும் வேண்டிக்கல, முடியும் குடுக்கல!" என்று கத்திவிட்டேன்.

தங்கச்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ எனக்காவ இல்லியாக்கா?"

வளையலுக்காக என் பக்கம் நீட்டியிருந்த கையை அவளே மடிக்கு இழுத்துக்கொண்டாள்.