மெஹருன்னிசா வைத்த பொட்டு

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தேன். தூக்கமும் இல்லை, முழிப்பும் இல்லை. கனவில் நம் சூளைக்கொட்டகை. மெஹருன்னிசா முதுகைக் காட்டிக்கொண்டு கிண்ணங்களை அடுக்குகிறாள். "ஏய், கொஞ்சம் திரும்புடி" என்கிறேன். அவள் திரும்புவதற்குள் போன் அடித்துவிட்டது. நம் குழுச் செல்விதான். "அக்கா, மெஹர் அக்கா போயிட்டாங்களாம். லப்பைக்குடிகாட்டுல இருந்து அவங்க மவன் பேசினான்" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. இப்போதுதானே பார்த்தேன், அதற்குள் எப்படிப் போவாள் என்றுதான் தோன்றியது.

பெரம்பலூர் ரோட்டோரம் அந்தக் கொட்டகையில் எங்களோடு களிமண் பிசைந்த உங்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். கரண்டில் எரிகிற சூளையை நம் மகளிர் குழுவுக்கு அரசாங்கத்தில் கொடுத்தபோது, கூடவே சுவரில் ஒரு பெட்டியை மாட்டினார்கள். உள்ளே எவ்வளவு சூடு என்று சிவப்பு நம்பரில் காட்டும் பெட்டி. வந்த ஆபீசர், வயதில் மூத்தவள் நான் நிற்கும்போது, பத்தாவது படித்தவள் என்று அவளைக் கூப்பிட்டுப் பொத்தானெல்லாம் சொல்லிக்கொடுத்தார். நான் மூன்றாவதோடு நின்றவள். அந்த ஆபீசரை இன்றுவரை மன்னிக்கவில்லை. அவளிடம் முகம் கொடுத்துப் பேசவே எனக்கு வெகுநாள் ஆனது.

அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்பார்கள். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாள். "லாத்தா, நம்பரை நான் பாக்குறேன். உள்ள என்ன நடக்குதுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று சூளையின் சின்ன ஓட்டைப் பக்கம் என்னை இழுத்து நிறுத்துவாள். அந்த ஓட்டை வழியாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சூடு ஏறியபின் கிண்ணம் கிண்ணமாக இருக்காது. விளிம்பெல்லாம் கரைந்து, வெளிச்சத்துக்குள் வெளிச்சம் உட்கார்ந்திருக்கும். நான் பார்த்துக்கொண்டே நிற்பேன். "லாத்தா, எந்த ஊர்ல இருக்கீங்க?" என்று முதுகில் தட்டுவாள்.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு நான் கொட்டகையில் இல்லை. உடையார்பாளையத்தில் மகளுக்குப் பிரசவம். திரும்பி வந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. கொட்டகையில் எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். அது கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. கரண்ட் போய்ப் போய் வந்ததில் நம்பர் மறைந்து, ஏதோ இங்கிலீஷ் எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. ரீசெட் பொத்தானை அழுத்தினால்தான் பெட்டி பழைய நிலைக்கு வரும். அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டார்கள், வரவில்லை. உள்ளே கார்த்திகை விளக்குகள் அரைவேக்காட்டில் கிடந்தன.

விளக்கு போனால் போகட்டும். சூளையை ஓட்டாமல் சும்மா போட்டிருந்தால் வேறு ஊர்க் குழுவுக்குத் தூக்கிக்கொடுத்துவிடுவேன் என்று அதே ஆபீசர் முன்பே சொல்லியிருந்தார். மறுநாள் வண்டியோடு வருவதாகத் தகவலும் வந்திருந்தது. சூளை போனால் அத்தனை பேரும் அவரவர் வீட்டுக்குள் போய்விட வேண்டியதுதான்.

மெயினை அணைத்து, ஆறவிட்டுப் போட்டோம். சரியாகவில்லை. மெஹர் மறுபடி மெயினை அணைத்துவிட்டு, ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தாள், நன்றாக இருந்தது. சூட்டை அளக்கிற கம்பியின் திருகை இறுக்கினாள். டவுன் மெக்கானிக் போனிலேயே, "போர்டு போச்சும்மா, புதுசுதான் போடணும்" என்று முடித்துவிட்டார். வந்து பார்க்கவில்லை. அவர் பெயரும் எனக்கு மறக்கவில்லை.

பெட்டி கத்தாமல் கிடந்த அந்த அமைதியில் மெஹர் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். மற்றதெல்லாம் டிக், டிக் என்றன. ரீசெட் மட்டும் சத்தமே போடவில்லை. பக்கவாட்டில் குனிந்து பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் பார்த்தேன். பொத்தானைச் சுற்றிச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கல்லாகியிருந்தது. அமுங்கின பொத்தான் எழும்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தது.

"எவடி இங்க கொண்டுபோய் இத்தனை சந்தனத்தை அப்பினது?" என்று கத்தினேன்.

"நான்தான் லாத்தா" என்றாள் மெஹர். "வருசா வருசம் நீங்க வைப்பீங்க. நீங்க இல்லேன்னு வைக்காம விட்டா, சூளை உங்களைத் தேடுமேன்னு நான் வச்சேன். எங்க தர்காவுல பூசுற சந்தனம்தானே."

"பெட்டித் தலையிலதானடி வைப்பேன். பொத்தான்லயா வைப்பேன்?"

"வட்டமா இருந்துச்சு. அதுதான் நெத்தின்னு நினைச்சேன்."

செல்விதான் முதலில் சிரித்தாள். "அது சரி, அதுக்குன்னு பிரியாணி வைக்கிற மாதிரியா அள்ளி வைப்பீங்க?" என்றாள். மெஹருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, நுனியைச் சீவி, பொத்தானைச் சுற்றிச் சுரண்டினாள். சந்தனப் பொடி அவள் புடவையில் உதிர்ந்துகொண்டே இருந்தது. முழுக்கச் சுரண்டியபின் பொத்தானை அழுத்தினாள். டிக் என்றது. மெயினைப் போட்டதும் நம்பர் வந்தது.

மறுநாள் ஆபீசர் வந்தபோது சூளை கொதித்துக்கொண்டிருந்தது. "ரிப்பேர்னு சொன்னாங்களே?" என்றார். "கையை வச்சுப் பாருங்க சார்" என்றாள் செல்வி. அவர் மெஹரைப் பார்த்து, "என்னம்மா ஆச்சு?" என்றார். "கரண்ட் சார்" என்றாள் அவள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். வந்த வண்டி வெறுமனே திரும்பிப் போனது.

செல்வி போன் செய்ததும் லப்பைக்குடிகாட்டுக்குப் போய் அவள் முகத்தைப் பார்த்தேன். வெள்ளைத் துணிக்குள், சூளை ஓட்டையில் பார்க்கிற மாதிரி, விளிம்பு கரைந்து தெரிந்தது. என் கண்ணில் நீர் நிறைந்திருந்ததால் இருக்கும். உடம்புக்கு முடியவில்லை என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். அந்தக் கோபத்தை நான் விடப்போவதில்லை.

அந்த வருஷத்துக்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நாங்கள் சேர்ந்துதான் பொட்டு வைத்தோம். அவள் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்து மூடிக்கொள்வாள். "ம், இப்ப வைங்க லாத்தா" என்பாள். நான் அந்த விரலைச் சுற்றிச் சந்தனம் பூசுவேன். அவள் விரலை எடுத்ததும் நடுவில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று இருக்கும்.

வருகிற பூஜைக்குத் தான் வந்து பொத்தானை மூடிக்கொள்கிறேன் என்று செல்வி சொல்கிறாள். வேண்டாம் என்றுவிட்டேன். எவ்வளவு இடம் விட வேண்டும் என்று என் கைக்குத் தெரியும்.